அடுப்படியில் விழாத பூச்சி

மூத்தவளுக்குக் கரப்பான் பூச்சியிடம் பயம் கிடையாது. கோபம்தான். முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது காலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய செருப்பு எப்போதும் தயாராக இருக்கும். சுவரில் ஒன்று ஊர்ந்தால் போதும், கை அதன்பாட்டுக்குப் போய் அடித்துவிட்டு வரும். அளவு கொடுக்க வந்த பெண்கள் துள்ளுவார்கள். "அசையாதீங்க, இடுப்பளவு மாறிடும்" என்பாள். செருப்புக்கு அகப்படாததற்கு ஸ்பிரே டப்பா இருந்தது.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பங்கள். மூத்தவளின் கணவர் லாரி ஷெட்டில் மெக்கானிக். தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இளையவள் ஒரு பிஸ்கட் கம்பெனியில் கிடங்கில் பூச்சி, எலி அண்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தாள். வாயில் பேச்சைத் தேட வேண்டும். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் புன்னகைதான். இவளோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று மூத்தவள் ஆரம்பத்தில் மலைத்துத்தான் போனாள்.

மூத்தவளின் ஒரே மகளை எல்லோரும் வாண்டு என்று கூப்பிட்டார்கள். போன மழைக்காலத்தில் வாண்டுவுக்கு இழுப்பு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்கும். டாக்டர் வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கரப்பான் எச்சமும் அது உரிச்சுப் போடற தோலும் தூசியாகி மூச்சுல போகுது. அதைக் கொல்ல அடிக்கிற மருந்தும் இவளுக்கு ஆகாது. ரெண்டும் வீட்ல இருக்கக் கூடாது."

கணவர் திரும்பி வரும் வழியிலேயே முடிவு கட்டிவிட்டார். "அடுத்த மழைக்குள்ள சரியாகலைன்னா வேற வீடு பாத்துடுவோம். புது வீடா, மாடியில."

மூத்தவளின் வாடிக்கைக்காரர்கள் எல்லாம் இந்தத் தெருவில்தான். மாடியேறி யார் வருவார்கள்? அண்ணன் தம்பி அடுப்பு பிரிந்தால் அப்புறம் எது ஒட்டும்? ஆனால் பிள்ளையின் மூச்சுக்கு முன்னால் இதையெல்லாம் பேச வாய் வரவில்லை.

இளையவள் அன்று மாலை ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "நான் பாக்கறேன்க்கா."

மறுநாள் மத்தியானம் அவள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலையும் மூடி, விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நின்றாள். மூத்தவள் கதவைத் தட்டினாள்.

"என்னடி, பேய் ஓட்டறியா?"

"வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு பாக்கறேன்க்கா. வெளிச்சம் நுழையற இடத்துல அதுவும் நுழையும்."

கதவுக்கு அடியில் வெளிச்சம் வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு வளையமாக வந்தது. கதவுக்கு ரப்பர் பட்டை அடித்தாள். குழாயைச் சுற்றிப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினாள். ஜலதாரைக்கு வலை போட்டாள். இத்தனை வருஷம் அந்தத் தொட்டியில் கை நனைத்த மூத்தவளுக்கு அதன் அடியில் அப்படியொரு ஓட்டை இருந்ததே தெரியாது.

அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க மூத்தவளுக்கு ஆச்சரியம்தான். வெயில் காலத்தில் எறும்பு வரிசை வந்தபோது இளையவள் அதை உடனே அழிக்கவில்லை. கூடவே நடந்து, ஜன்னல் மூலை வரை போய், அது நுழையும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் சோப்புத் தண்ணீரால் துடைத்தாள். வெளிச்சுவரில் இனிப்பில் குழைத்த ஏதோ மருந்தை ஒரு மூடியில் வைத்தாள்.

"எறும்புக்கு விருந்து வேறயா?"

"கடைசி விருந்துக்கா."

கொசு எங்கிருந்து வருகிறது என்று வீடே தேடியபோது ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்னால் இருந்த தட்டைக் காட்டினாள். தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. "இதுக்குப் பின்னால தட்டு இருக்கா!" என்று மூத்தவள் மூக்கின்மேல் விரல் வைத்தாள். புதிதாக வாங்கிய மாவு சில நாள் உறைபெட்டியில் இருந்துவிட்டுத்தான் டப்பாவுக்குப் போகும். "மாவுக்குக் குளிர் ஜுரம் வரப்போகுது பாரு" என்று மூத்தவள் கேலி செய்தாள். ஆனால் வண்டு விழவில்லை. தன்னிடம் அளவு கொடுக்க வந்தவர்களிடம், "எங்க வீட்டுச் சின்னவ இருக்காளே" என்று ஆரம்பித்துவிடுவாள். டேப் கையிலேயே நிற்கும்.

ஆனால் கரப்பான் விஷயத்தில்தான் அவளுக்குப் பொறுமை இல்லை.

இளையவள் அடுப்படியின் இடுக்குகளில், கதவுக் கீல்களில், தொட்டிக்கு அடியில், கம்பெனிக் கிடங்கில் வைக்கும் பசை போன்ற ஒரு மருந்தைக் கடுகளவு கடுகளவாக வைத்திருந்தாள். "இதைத் தின்னுட்டு அதுங்க வீட்டுக்குப் போய்ச் சாகும். அதைத் தின்னு மத்ததும் சாகும். கொஞ்ச நாளாகும்க்கா." எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்று பார்க்க, மூலைகளில் ஒட்டு அட்டைகளையும் வைத்தாள்.

கொஞ்ச நாள் என்பது மூத்தவளின் அகராதியில் இல்லை. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, ஒரு கரப்பான் தொட்டி விளிம்பில் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றால் அவளுக்குக் கை அரித்தது. நூல் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டப்பாவை எடுத்து ஒரு பீச்சு. கொஞ்சமாகத்தான். பிறகு ஜன்னலைத் திறந்து வாசனை போகும்வரை விசிறுவாள். பிள்ளை வருவதற்குள் எல்லாம் சுத்தமாகிவிடும் என்பது அவள் கணக்கு.

அடுப்படியில் கரப்பான் குறைந்தது. வாண்டுவின் விசில் குறையவில்லை.

வானம் மூடத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் சாவிக்கொத்து ஒன்றை மேஜைமேல் வைத்தார். ஷெட்டுக்குப் பக்கத்து வீடு. பார்த்துவிட்டு வரச் சொல்லி வீட்டுக்காரர் கொடுத்தது. மூத்தவள் அந்தச் சாவியைப் பார்க்காமல் பட்டன் கோத்தாள்.

அதே காலையில் இளையவள் எல்லா ஒட்டு அட்டைகளையும் எடுத்து வந்து முன்னறைத் தரையில் பரப்பினாள். அடுப்படி அட்டைகள் வெறுமையாக இருந்தன.

"பாத்தியா! ஒண்ணுகூட இல்ல" என்று மூத்தவள் குதித்தாள்.

இளையவள் குதிக்கவில்லை. அடுப்படிக்குப் போய், கீலில் இருந்த மருந்துப் பொட்டை நகத்தால் சுரண்டினாள். காய்ந்து, வைத்தது வைத்தபடி இருந்தது. சுவரில் பதித்த ஓட்டில் விரலைத் தேய்த்து முகர்ந்தாள். திரும்பி வந்து, தையல் மெஷினுக்கு அடியில் குனிந்து, அங்கே வைத்திருந்த கடைசி அட்டையை இழுத்தாள்.

எள் கொட்டியது போல இருந்தது. எல்லாம் குஞ்சுகள்.

"குஞ்சு ரொம்ப தூரம் போகாதுக்கா. வீடு இங்கதான் எங்கேயோ இருக்கு."

மெஷின் மேஜையின் ஓரத்தில், கையெட்டும் தூரத்தில், வாண்டுவின் கட்டில். தைத்துக்கொண்டே பிள்ளையின் மூச்சைக் கவனிக்க வேண்டும் என்று மூத்தவள்தான் அதை அங்கே இழுத்துப் போட்டிருந்தாள்.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கம்பெனி மருந்தும் வேலைக்காகலையா?"

"வேலைக்காகும் மாமா. நான்தான் இடம் தப்பா வெச்சுட்டேன்" என்றாள் இளையவள்.

கணவர் நகர்ந்ததும் மூத்தவள் நூல் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"நான்தான்டி."

"தெரியும்க்கா. இப்பதான் தெரிஞ்சுது." டப்பாவை வாங்கிக்கொண்டாள். "இந்த வாசனை பட்ட தீனியை அது தொடாது. சாகாம தப்பிச்சதெல்லாம் சூடா ஒரு இடம் தேடிப் போயிடும். மெஷின் மோட்டார் சூடா இருக்கும்ல."

"என் புள்ள தலைமாட்டுக்கு நானே துரத்திவிட்டிருக்கேன்."

இளையவள் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். "பின்பலகையைக் கழட்டணும். மாமாவைக் கூப்பிடவா?"

"அவர் லாரியைக் கழட்டட்டும். என் மெஷினை நான் கழட்டுவேன்."

வாண்டுவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு இருவரும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பட்டன் இழுப்பறைக்குப் பின்னால், மோட்டாருக்குக் கீழே, மிளகு தூவியது போல எச்சம். பழுப்பு நிறத்தில் முட்டைக் கூடுகள். பட்டன் வந்த அட்டைப்பெட்டிகளின் மடிப்புகளிலும் அதுவே. பெட்டிகளைப் பையில் கட்டி வெளியேற்றினார்கள். தூசி உறிஞ்சும் மெஷினால் இழுத்தார்கள், சோப்புத் தண்ணீரால் துடைத்தார்கள், காயவிட்டார்கள். அடுப்படி ஓடுகளையும் வாசனை போகக் கழுவினார்கள். கடைசியில் இளையவள் புதிய மருந்துப் பொட்டுகளை வைத்தாள். கட்டில் எதிர்ச்சுவருக்கு, காற்று வரும் ஜன்னல் பக்கம் போனது.

"இனிமே கொஞ்ச நாளைக்கு யாரையும் அடிக்கக் கூடாதுக்கா."

"என் புருஷனையுமா?"

இளையவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அந்த நாட்கள்தான் மூத்தவளுக்குக் கஷ்டமாக இருந்தன. பட்டப்பகலில் ஒரு கரப்பான் குடித்தவன் போல் தள்ளாடிக்கொண்டு மெஷின் காலருகே போகும். கை செருப்புக்குப் போகும். அந்தக் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். "போ ராசா, வீட்டுக்குப் போ. எல்லாருக்கும் கொண்டு போய்க் குடு" என்று வழியனுப்புவாள். அளவு கொடுக்க வந்தவள் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அட்டைகளில் எள் குறைந்தது. பிறகு ஒன்றிரண்டு. பிறகு அதுவும் இல்லை. மேஜைமேல் சாவிக்கொத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மழை வரட்டும், பார்க்கலாம் என்று கணவர் சொல்லியிருந்தார்.

மழை வந்தது. முதல் நாள் ஈசல் கிளம்பியதும் இளையவள் முன்னறை விளக்கை அணைத்துவிட்டு வாசலுக்கு வெளியே தள்ளி ஒரு பல்பைத் தொங்கவிட்டாள். வீட்டுக்குள் ஒரு இறகுகூட விழவில்லை. மூத்தவள் இப்போதெல்லாம் ஆச்சரியப்படுவதில்லை. பல்பை எங்கே மாட்டினால் இன்னும் நல்லது என்று யோசனை சொன்னாள்.

மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், வாண்டு சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கணவர் போனும் கையுமாக வந்தார்.

"அந்த வீட்டுக்காரர் லைன்ல இருக்காரு. என்ன சொல்ல?"

மூத்தவள் மெஷினை நிறுத்தினாள். பேசாதீர்கள் என்று கையைக் காட்டிவிட்டுக் கட்டிலருகே போய்ப் பிள்ளையின் முதுகில் காதை வைத்தாள். போன வருஷம் இதே மழையில் இந்த முதுகுக்குள் கேட்ட சத்தம் அவளுக்கு மறக்கவில்லை. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. மழைதான் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள், கணவர் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றார்.

"வேற ஆளுக்குக் குடுத்துடச் சொல்லுங்க."

சாவியை அவரே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் இளையவள் நனைந்துகொண்டே வேலையிலிருந்து வந்தாள். கையில் பிஸ்கட் பெட்டி. மூத்தவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பெட்டி அங்கயே நிக்கட்டும். பிஸ்கட்டை மட்டும் கொண்டா. பையையும் உதறிட்டு வா. உங்க கிடங்குலேர்ந்து யார் யாரையெல்லாம் கூட்டிட்டு வர்றியோ, யாரு கண்டா?"

இளையவள் மழையில் நின்றபடி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்று அன்றுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. சிரித்து முடித்து, பையைத் தலைகீழாகப் பிடித்து, நன்றாக உதறினாள்.