தழும்புள்ள பெருவிரல்

என் மகள் பெர்லின் எம்.காம். ஆய்வுக்காக, பேட்டையில் எங்கள் தொழிலாளர் சங்கத்துக் கடன் கணக்குகளைச் சோதித்தாள்.

“அப்பா, செத்தவங்க பேர்ல கடன் எடுத்திருக்கு. அவங்க பொண்டாட்டிமாரைக் கட்டச் சொல்லுதாங்க. கைநாட்டு எல்லாமே ஒரே பெருவிரல், குறுக்கே தழும்பு. ஆருன்னு தெரியுதா?”

தெரிந்தது. பட்டறை இயந்திரத்தில் சிக்கிய என் கையை இழுத்துக் காப்பாற்றியபோது வெட்டுப்பட்ட விரல் அது. என் மைத்துனன் அருமைநாயகம், சங்கச் செயலாளர்.

அந்நேரம் அவனே வந்தான்.

“என்ன அத்தான், மருமவ ஊரையே உள்ள தள்ளிருவா போலுக்கே!”

நான் சிரிக்கவில்லை. அவன் மேசையிலிருந்த கைநாட்டுகளைப் பார்த்தான்.

“எழுதிக்கோ தாயி, உன் மாமன்தான்” என்றேன்.

பெர்லின் பேனாவை என்னிடமே நீட்டினாள். வாங்கி, எழுத்துக்கூட்டி அவன் பெயரை நானே எழுதினேன். முடிக்கும்வரை அவன் போகாமல் நின்றான்.