அப்பா எலும்பாகும் வரை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. நேப்பிள்ஸில் எனக்கு எதிர்மாடியில் இருக்கும் நுன்சியா துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னது. முற்றத்தைத் தாண்டிக் கேட்கும்படி கத்திச் சொன்னதால் கட்டடம் முழுக்கத் தெரியும். எழுதுகிற கிறுக்கு எனக்கு மட்டும் இருப்பதால் பழி என் தலையில் விடிந்தது.

இப்படித்தான் தொடங்கினேன்: ‘கப்பல் மூன்று முறை ஊதியபோது கத்தெல்லோவின் நெஞ்சு...’

வேண்டாம். துறைமுகத்தில் பிறந்தவனுக்குக் கப்பல் ஊதினால் நெஞ்சு ஒன்றும் ஆகாது.

2

நேராகவே சொல்கிறேன். கத்தெல்லோ நுன்சியாவின் தம்பி, சரக்குக் கப்பலில் சமையல்காரன். பதினொரு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் சொந்த ஊரில் இறங்கினான். மாலை ஐந்துக்குக் கப்பல் கிளம்பிவிடும். நடுவே, பகல் ஒரு மணிக்கு, அவன் அப்பாவைத் தோண்டி எடுக்கப் போகிறார்கள்.

[இங்கே செத்தவருக்கு இரண்டு அடக்கம். சதை மண்ணோடு போனபின் எலும்பை எடுத்துக் கழுவி, வெள்ளைத் துணியில் கட்டி, சுவர் மாடத்தில் வைப்பார்கள். அன்றைக்குத்தான் ஆத்மா கரையேறும் என்பார்கள். உடம்பு காயாமல் இருந்தால் மறுபடியும் மண்ணுக்குள். அப்புறம் அக்கம்பக்கத்து வாய்க்கு அவல்தான்.]

எலும்பெடுக்கும் தவணைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. கப்பல் வருகிற நாளுக்காக நுன்சியாதான் வெட்டியான் அனியெல்லோவின் காலைச் சுற்றினாள்.

“இந்த வருஷம் பூரா மழை தாயி. மண்ண அவசரப்படுத்தக் கூடாது.”

“மண்ணு எங்கயும் போயிடாதுண்ணே. என் தம்பி போயிடுவான்.”

அப்பாவின் முதல் அடக்கத்துக்கு அவன் வரவில்லை. இதற்காவது அவன் கை பட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். நான் அவளாக இருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருப்பேன்.

3

எரிமலையில் புதைந்துபோன பழைய நகரமான எர்கொலானோவின் இடிபாட்டு வாசலில் டிக்கெட் கிழிப்பது நுன்சியாவின் வேலை. பதினொரு மணி வரை பணி என்பதால் அவளைக் கூட்டிப்போக அவன் ரயிலேறி அங்கே வந்தான். அப்பா முப்பத்துநான்கு வருடம் காவலராக இருந்த இடம். அதே சீருடையை மகனும் போட வேண்டும் என்றார். மகன் கடலுக்குப் போனான். வாசற்படியில் நின்று அவர் சொன்ன கடைசி வார்த்தை: “நீ திரும்பி வரும்போது நான் எலும்பாத்தான் இருப்பேன், பாத்துக்க.”

அக்காளும் தம்பியும் பழைய கடற்கரையின் கல் வளைவு அறைகளுக்கு முன்னால் நின்றார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் எரிமலை வெடித்த நாளில் படகுக்காகக் காத்திருந்தவர்கள் இன்னும் அங்கேயே எலும்பாகக் கிடக்கிறார்கள்.

‘கத்தெல்லோ மண்டியிட்டுக் கதறினான்’ என்று எழுதி நுன்சியாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“யாரு, அவனா? நீ கண்டியா?” என்று துணிக் கவ்வியை என் மேல் எறிந்தாள். “அவன் தராலி தின்னுக்கிட்டு இருந்தான்யா!”

தராலி, மிளகு போட்ட வளைய ரொட்டி. கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். முந்நூறு எலும்புக்கூடுகளுக்கு முன்னால் ஒருவன் மொறுமொறுவென்று தின்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஆனாலும் அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“இங்க திங்கக் கூடாதுடா. அப்பா இருந்தா இந்நேரம் விசில் ஊதியிருப்பாரு” என்றாள் நுன்சியா.

அவன் மெல்லுவதை நிறுத்தினான். மீதியைச் சட்டைப்பையில் போட்டான். வெகுநேரம் விசிலுக்குக் காத்திருப்பவனைப் போல நின்றான்.

“அக்கா, அவரு இன்னும் காயாம இருந்தா?”

“வாயக் கழுவு.”

“அப்படி இருக்கணும்னுதான் எனக்குத் தோணுது.”

அவள் அறைந்தாள். [இதைக் கட்டடத்துக்குக் கத்தவில்லை. படியேறி வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்.]

4

பகல் ஒன்று. இடுகாடு. மண் கறுத்து, ஈரமாக, மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அனியெல்லோ அதைத் தட்டி உதறிவிட்டு நுன்சியாவை ஏறிட்டுப் பார்த்தார். அவளைப் பயமுறுத்த அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கழுவுவதற்குத் தண்ணீரும் அவள் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த துணியும் தயாராக இருந்தன.

சவப்பெட்டியின் பலகையில் இரும்பு தட்டியது. அனியெல்லோ தொப்பியைக் கழற்றினார்.

“மகன் யாரோ, அவரே தூக்கட்டும்.”

கத்தெல்லோ குழியில் இறங்கி மூடியின் விளிம்பைப் பிடித்தான்.

உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். அவர் எலும்பாக இருந்தால் நுன்சியா நிம்மதியாகத் தூங்குவாள். மகன் அப்பாவைக் கையால் கழுவி மாடத்தில் வைத்துவிட்டு ஐந்து மணிக் கப்பலைப் பிடிப்பான். ஆனால் கிழவர் சொன்னது பலித்ததாகிவிடும். எலும்பாகாமல் இருந்தால் அக்காள் தெருவில் தலைகாட்ட முடியாது, அப்பாவின் ஆத்மா இன்னும் தவிக்கும். ஆனால் தன் சொல்லை மீறி அவர் மகனுக்காகக் காத்திருந்தார் என்றாகும். மறுபடி தோண்டும் நாளுக்கு அவன் இன்னொரு முறை ஊருக்கு வந்தே தீர வேண்டும்.

இரண்டில் எதைத் தட்டெழுதினாலும் என் விரல் யாரோ ஒருவருக்குத் துரோகம் செய்கிறது. அதனால் இங்கேயே நிறுத்திவிட்டேன். அவன் மூடியைப் பிடித்தபடி குழிக்குள் நிற்கிறான். நீங்கள் குனிந்து பாருங்கள். பார்ப்பதற்கு முன், அவர் எப்படி இருக்க வேண்டும் என்று உங்கள் மனம் வேண்டிக்கொண்டதோ, அதை அவன் அக்காளிடம் மட்டும் சொல்லாதீர்கள்.