நடுவில் நாலு பக்கம்

மயானத்து மண்டபத்தின் சின்னச் சமையலறையில், கோப்பி இயந்திரத்தை ஓரமாகத் தள்ளி மடிக்கணினிக்கு இடம்பிடித்திருந்த கலாதேவி, கணவனின் மரண அறிவித்தலில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால் இராசலிங்கம் பெட்டிக்குள் கிடந்தார். ஒரு மணி வரைக்கும்தான் மண்டபம். பிறகு ஒரு ஜெர்மன்காரரின் முறை. இரண்டு மணிக்குள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகவேண்டும். டோர்ட்மண்டில் செத்தவருக்கும் டெர்மின் என்ற குறித்த நேரம் உண்டு, அவர் நடத்திய 'நாற்றிசை' இதழுக்கும் உண்டு.

"அண்ணி, முடிஞ்சுதோ?" கணவனின் தம்பி ஸ்ரீதரன் கதவுக்குள் தலையை நீட்டினான். "பதினொரு கடைக்காரர் அஞ்சலி விளம்பரம் தருகினம். நடுவில இருக்கிற நாலு பக்கத்தையும் தூக்கினாத்தான் இடம் காணும்."

நடுவில் இருந்தவை உலகச் செய்திகள். பன்னிரண்டு வருடமாக இராசலிங்கம் விட்டுக்கொடுக்காத நாலு பக்கம். அதைத் தூக்கச் சொல்லி அதிகம் சண்டை பிடித்தவள் கலாதேவிதான். "சனம் பொலிவியாவை வாங்க வரேல்லையப்பா. மற்ற ஆக்களின்ர கலியாண, சாமத்தியவீட்டுப் படம் பாக்க வருகுது" என்பாள், விற்பனை விழுந்த ஒவ்வொரு மாதமும்.

"எங்கட ஊர் எரியேக்க இந்த ஊர்ப் பேப்பர் ஆறு வரி போட்டது. அதால அவங்களுக்கு ஒரு பிரதிகூட அதிகமா வித்திராது" என்பார் அவர். அதோடு தட்டெழுதத் திரும்பிவிடுவார்.

இப்போது தடுக்க ஆளில்லை. நினைத்தபடி செய்யலாம். அதனால்தானோ என்னவோ, நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. இந்த இதழின் நாலு பக்கமும் நைஜர் நாட்டுப் பஞ்சம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே எழுதி, சனிக்கிழமை முடித்து, ஞாயிறு போய்விட்டார்.

எழுந்து மண்டபத்துக்குள் போனாள். பெட்டியின் கால்மாட்டில் பலசரக்குக்கடைக் கிருஷ்ணமூர்த்தி கைகட்டி நின்று, பக்கத்தில் நின்ற நண்பர் குமாரசாமியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"பொலிவியாவுக்குக் கடல் இல்லை. ஆனா கடற்படை வைச்சிருக்கிறாங்கள்."

"சும்மா புளுகாதையும்."

"நானில்லை ஐசே, இந்தா படுத்திருக்கிறவர் எழுதினது. போன மாசம்."

கலாதேவி கிட்டப் போனாள். "அண்ணை, உந்தப் பக்கங்களைத் தூக்கச் சொல்லி மாசாமாசம் போன் அடிச்சது நீங்கள்தானே?"

கிருஷ்ணமூர்த்தி கூச்சப்படவில்லை. "வாசிக்கிறது வேற, வாங்கிறது வேற தங்கச்சி. கடைக்கு வாற சனமெல்லாம் அதைத்தான் முதல் விரிக்கும். பருப்பு மூட்டையில சாஞ்சு நிண்டு, முழுக்க வாசிச்சு, மடிச்சு, இருந்த இடத்திலேயே வைச்சிட்டுப் போகும். வாங்கிறவன் படத்துக்குத்தான் வாங்கிறான்." குரலைத் தணித்தார். "என்ர அஞ்சலி முழுப் பக்கம்தானே?"

"அரை."

"முக்கால்?"

"அரை, அண்ணை."

பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் சரியென்று தலையாட்டினார்.

சமையலறைக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினாள். இராசலிங்கத்தின் அறிவித்தலுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தது: ஒன்றில் படம், மற்றதில் உறவுகள். அந்த இரண்டையும் பதினொரு கடைகளுக்கும் பெட்டிபெட்டியாகப் பிரித்துக் கொடுத்தாள். அறிவித்தலைக் கால் பக்கமாகச் சுருக்கி, நடுப் பக்கங்களில் நைஜர் வரைபடத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த மூலையில் வைத்தாள். உறவுகளை ஒவ்வொருவராக அழித்தாள். சகோதரர்கள், மைத்துனர்கள், பெறாமக்கள். கனடா, நோர்வே, பிரான்ஸ், அவுஸ்திரேலியா. அவர்கள் குடும்பத்தில் உலகம் என்பது பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் கிடக்கும்.

ஸ்ரீதரன் தோளுக்கு மேலால் பார்த்தான். "அண்ணி, சகோதரங்களின்ர பேர் எங்கை?"

"எடுத்திட்டன்."

"என்ர பேர்?"

"அதும்தான்."

"நோர்வே அண்ணை சாகும்வரைக்கும் எங்களோட கதைக்கமாட்டார்."

"இப்ப மட்டும் கதைக்கிறவரோ?"

"சனம் என்ன சொல்லும்? பஞ்சத்தைப் போட்டுக் குடும்பத்தை எடுத்திட்டா எண்டு..."

"சொல்லட்டும். கடையில நிண்டு வாசிச்சிட்டுச் சொல்லட்டும்."

மண்டபத்துப் பொறுப்பாளர் கதவில் இரண்டு தரம் தட்டி, மணிக்கூட்டைக் காட்டினார். வாய்க்கரிசி போட ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முதலாவதாக நிற்கவேண்டியவளைக் காணாமல் ஐயர் எட்டிப் பார்த்தார்.

இன்னும் ஒரு வரி மிஞ்சியது. நைஜர் கட்டுரையின் கடைசி வரி பக்கத்துக்குள் அடங்காமல் வெளியே நின்றது. அறிவித்தலில் இனி எடுக்க என்ன இருக்கிறது? ஒரு சின்னப் படம், பெயர், பிறந்த ஊர், இரண்டு திகதிகள். அதற்குக் கீழே, 'அன்பு மனைவி கலாதேவி'.

தன் பெயரின் முடிவில் விரலை வைத்து, அந்த வரி வெறுமையாகும் வரைக்கும் அழுத்தினாள். வெளியே நின்ற வரி மேலே ஏறிவந்து பக்கத்துக்குள் அமர்ந்தது. 'அறுவடைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.'

பக்கங்களைச் சேமித்து, அச்சகத்துக்கு அனுப்பச் சொல்லி மடிக்கணினியை ஸ்ரீதரனிடம் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குள் போனாள். ஐயர் தட்டை நீட்டினார். ஒரு பிடி அரிசியை அள்ளி, கால்மாட்டைச் சுற்றி, அவருடைய முகத்தருகே போனாள்.