ஆறாயிரம் குறைத்து வாங்கிய கார்ட்

சிலாவத்துறையில் நம்பிக்கையின் விலை, கல்யாணம் ஒன்றுக்கு முப்பத்தையாயிரம் ரூபாய். போட்டோ அல்பத்துக்குத் தனிக்காசு. என் மனைவி ஸீனத் பெண்கள் பக்கத்தை மட்டும் வீடியோ எடுத்து, வீட்டிலேயே எடிட் செய்து கொடுக்கிறாள். ஆண்களின் கண் படாது என்பதற்குத்தான் அந்தக் காசு. கட்டிய கணவன் நானே அந்த அறைக் கதவைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும்.

புதுக் கமெராவில் எடுத்த கடைசிக் கல்யாணத்தைப் பழைய கம்பியூட்டர் விக்கி விக்கித்தான் காட்டியது. மணப்பெண்ணின் அக்கா, மூத்த ராத்தா, சனிக்கிழமை டோஹாவுக்குப் பறக்கிறாள். அதற்குள் வீடியோ கொடுக்காவிட்டால், பேசிவைத்த அடுத்த மூன்று கல்யாணங்களும் கைவிட்டுப் போய்விடும்.

"கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு போட்டா ஓடும்" என்றாள் ஸீனத். "ஆனா கம்பியூட்டர் பெட்டி வீட்ட விட்டு வெளிய போகாது. பொருந்துமாண்டு அளவெடுத்துக்கிட்டுப் போங்க."

கருவாட்டு வியாபாரிக்கு அளவெடுக்கவா தெரியாது? பெட்டியைத் திறந்து, கார்ட் உட்காரும் இடத்தின் நீளத்தை நைலோன் நூலில் முடிச்சுப் போட்டு எடுத்தேன். செருகும் இடத்தைப் போனில் படம் பிடித்தேன். மன்னார் டவுனில் ரொபின்சனின் கடை மேசையில் இரண்டையும் வைத்தேன்.

அங்கே கம்பியூட்டர் திருத்தும் ஜெஸ்லியா நூலை அளந்து பார்த்தாள். "நீளம் காணும் நானா. உள்ளுக்கு இருக்கிற பவர் சப்ளை எத்தினை வோட்? ஸ்டிக்கர் பார்த்தனீங்களோ?"

மீன் விற்கிறவன், வீட்டில் என்ன சட்டி இருக்கிறது என்று கேட்டால், சட்டியும் விற்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். நான் பிடிகொடுக்கவில்லை.

"வீட்டுல கரண்ட் தாராளமா இருக்கு தங்கச்சி. விலையச் சொல்லுங்க."

நாற்பத்து நாலாயிரத்தில் தொடங்கிய ரொபின்சனை, இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பி, முப்பத்தெட்டுக்கு இறக்கினேன்.

"ஜுனைதீன் நானா, இனி இந்தப் பக்கம் வராதேங்கோ" என்று பொதி கட்டித் தந்தார். அதைவிட ஒரு வியாபாரிக்கு என்ன பாராட்டு வேண்டும்?

வீட்டில் கார்ட் நூல் சொன்னபடியே உட்கார்ந்தது. அதன் விசிறி சுழன்றது. திரை மட்டும் கறுப்பு. கார்டின் முதுகில் ஆறு துளையோடு ஒரு வாய் திறந்திருந்தது. அதில் செருகிக் கரண்ட் கொடுக்கப் பெட்டிக்குள் ஒரு வயரும் இல்லை. ஸீனத் கடைக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஸ்டிக்கரிலை என்ன கிடக்கு, அக்கா?" என்று கேட்டாள் ஜெஸ்லியா.

"இருநூத்து நாப்பது."

"அந்தக் கார்டுக்கு நானூத்தைம்பது எண்டாலும் வேணும். நானாட்டை அப்பவே கேட்டனான்."

"என்ன சொன்னாரு?"

"வீட்டிலை கரண்ட் இருக்காம்."

ஸீனத் பார்த்த பார்வையில் ஒரு சாக்குக் கருவாடு காய்ந்திருக்கும்.

"பெட்டியை அனுப்பிவிடுங்கோ, மாத்தித் தாறன்."

"ஏலாது தங்கச்சி. உள்ள எல்லாம் பொம்புளைகள்ட படம். ஆம்புளைகள் பாக்கக்கூடாது."

"அப்ப நான் வாறன். நானும் பொம்பிளைதானே."

கடையில் அவளுக்கு நேரெதிரே நின்றும் இது எனக்குத் தோன்றவில்லை. நான் விலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில், மடியில் பவர் சப்ளையோடு வந்து இறங்கினாள். கதவு மூடியது, நான் வெளியே. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளேயிருந்து கல்யாணக் குரவை கேட்டது. ஒரு விக்கல் இல்லை.

வெள்ளி ஜும்ஆவுக்கு முன் வீடியோ ராத்தாவின் கைக்குப் போய்விட்டது. ஸீனத் கணக்குக் கொப்பியைத் திறந்தாள்.

"பவர் சப்ளை பதினோராயிரம். ஜெஸ்லியாட கூலியும் பஸ்ஸும் ரெண்டரை. நீங்க பேரத்துல மிச்சம் புடிச்ச ஆறாயிரத்தக் கழிச்சா, நீங்க எனக்குத் தரவேண்டியது ஏழாயிரத்தைந்நூறு."

"ஏழுக்கு முடிப்பமே?"

அவள் ஏழரையை வெட்டினாள். "அந்தப் புள்ளைக்குக் குடுத்த சாப்பாட்டப் போட மறந்துட்டேன்."

ஜுனைதீன், நிலுவை: எட்டாயிரம்.