முந்நூற்றைம்பது கிராம்

கொளஞ்சியப்பனுக்கு இரண்டு கையும் தோள்பட்டையோடு மரத்துப் போயிருந்தன. விடிந்ததிலிருந்து மண் கலயத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தே நின்றான். ஊர் போய்ச் சேரும்வரை அதைக் கீழே வைக்கக் கூடாது. உள்ளே இருந்தது அவன் தம்பி சடையன்.

வடக்கே கட்டட வேலைக்குப் போன இடத்தில் ஒன்பதாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவன். பிணத்தை அனுப்ப முடியாது, எரித்துவிட்டு எலும்பைக் கொண்டுபோ என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். கருமாதிக்கு இரண்டே நாள் இருந்ததால் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். கொளஞ்சியப்பன்தான் ஊர் முறைப்படி எலும்பு பொறுக்கினான். முதலில் கால், அதன்மேல் தொடை, இடுப்பு, நெஞ்சு, கை, கடைசியாக மண்டையோடு. சாம்பலும் அதே வரிசையில். அப்போதுதான் செத்தவன் கலயத்துக்குள் நின்றபடி வீட்டுக்கு வருவான்.

விமான நிலையத்தில் கலயத்தைத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். வைத்தான். இயந்திரத்துக்குள் போய் வந்ததும் ஓர் அதிகாரி அதைத் தனியே எடுத்துவைத்தார். அங்கிருந்த காவலர்களில் ராஜாங்கம் என்ற ஒருவருக்குத்தான் தமிழ் தெரிந்தது. கொளஞ்சியப்பன் இறப்புச் சான்றிதழையும் சுடுகாட்டுச் சீட்டையும் நீட்டினான். அதிகாரி இரண்டையும் பொறுமையாகப் படித்து, எல்லாம் சரிதான் என்று தலையாட்டினார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பொடி எதுவானாலும் முந்நூற்றைம்பது கிராமுக்கு மேல் உள்ளே போகக் கூடாது.

"பொடி இல்லீங்க, எங்க தம்பி."

ராஜாங்கம் அதை இந்தியில் சொன்னார். அதிகாரியின் பதிலுக்கு வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பின்னா, அவருக்கு டிக்கெட் எங்கன்னு கேக்கறாருண்ணே."

சரக்கில் போட்டு அனுப்பவும் வழியில்லை. பெட்டி வாங்கும் இடத்தை மூடியாகிவிட்டது. தராசு வந்தது. அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் குவளையால் மேலாக அள்ள ஆரம்பித்தார். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கச் சொல்லிக் கொளஞ்சியப்பன் கெஞ்சினான். அதற்கு உத்தரவில்லையாம். மண்டையோட்டுச் சில்லுகள், பயணிகளிடம் பறித்ததைப் போடும் கூடையில், ஊறுகாய் பாட்டில்களுக்கும் லைட்டர்களுக்கும் நடுவே விழுந்தன. பிறகு கை, நெஞ்சு, இடுப்பு, தொடை. தராசு ஒப்புக்கொண்டபோது முழங்காலுக்குக் கீழேதான் மிச்சம். அதிகாரி கலயத்தின் வாயைத் துணியால் கட்டி, இரண்டு கையாலும் மரியாதையாகவே நீட்டினார்.

ஊரில் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கோமுகி ஆற்றில் கரைக்கும்போது, கலயம் இன்னா இப்படி லேசாயிருக்குது என்று பங்காளி ஒருவர் கேட்டார். வேலை செய்தே இளைத்தவன்தானே என்று சமாளித்தான்.

மறுநாள் நடுப்பகலில் ஆரம்பித்தது. கல்வராயன் மலைமேல் ஒரு துண்டு மேகமில்லை. மண் வெடித்துக் கிடந்தது. சடையன் வீட்டைச் சுற்றி ஈரக் காலடிகள் விழுந்தன. ஆளில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தடம் மட்டும் சுவரோரமாகப் போயிற்று. மாட்டுக்கொட்டகை மூலையில் முட்டி நின்றது. திரும்பி, திறந்து கிடந்த கதவைத் தாண்டிப் போயிற்று. வலது காலில் சுண்டுவிரல் பதியவில்லை. கம்பி வெட்டும்போது போன விரல் அது.

சடையன் பெண்டாட்டி பச்சையம்மாள் பெயர் சொல்லாமல் கூப்பிட்டாள், பிறகு பெயர் சொல்லியே கூப்பிட்டாள். சோறு போட்டு வாசலில் வைத்தாள். காலடி சோற்றை மிதித்துக்கொண்டு போயிற்று. மூன்றாம் நாள் கொளஞ்சியப்பனை வரச் சொன்னாள். அவள் அழவில்லை.

"வூட்டச் சுத்திக்கினே இருக்காரு மாமா. கூப்புட்டா காது கேக்கல. கதவு தொறந்து கெடக்குது, கண்ணு தெரியல. மீதிய எங்க வுட்டுட்டு வந்தீங்க?"

அவன் சொன்னான். தராசு, குவளை, கூடை, ஒன்றையும் மறைக்கவில்லை.

"பொடின்னு நீங்க ஒத்துக்கினீங்களா?"

"எழுதிக் குடுத்தாங்க. விமானம் கெளம்பற நேரம். கையெழுத்துப் போட்டேன்மா."

வெளியே காலடி கதவுக்கு நேராக வந்து நின்றது. ஒரு கால் படியைத் தடவியது. பிறகு சுவர்ப் பக்கமாகவே திரும்பி நடந்தது.

கொளஞ்சியப்பன் தன் தம்பிக்கு ஒரு தலை, ஒரு நெஞ்சு, இரண்டு கை, இடுப்பு, தொடை பாக்கி வைத்திருந்தான்.