முப்பத்தாறு பாட்டில் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. ஒரு கொம்யூன் பஞ்சாயத்து வெளியிட்ட அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் அது இருக்கிறது: "முப்பத்தாறு கிணறுகளிலும் தண்ணீரின் தரம் வியக்கத்தக்க ஒற்றுமையுடன் திகழ்கிறது."

வாக்கியம் என்னுடையது அல்ல. (இப்படிச் சொன்னேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

எந்தக் கொம்யூன் என்று கேட்காதீர்கள். புதுச்சேரிப் பகுதியில் கொம்யூன்கள் ஐந்து. இது ஆறாவது. வழக்குப் போட நினைப்பவர்கள் முதலில் அதைக் கண்டுபிடிக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: "பூமிக்கு அடியில் மூவாயிரம் மீட்டர் ஆழத்தில், கோடி ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்த பாறை மெல்லக் கண்விழி—"

அடித்துவிட்டேன். பாறை கண்விழிக்காது. பாறையைக் கண்விழிக்க வைக்கிறவர்கள் சால்வை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சால்வை என்றாலே அரிக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "2008 தொடக்கத்தில் கொம்யூன் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது." இது போதும். ஷேல் என்கிற பாறைக்குள் சிக்கியிருக்கும் எரிவாயுவை எடுக்க முடியுமா என்று பார்க்க ஒரு கம்பெனி சோதனைத் துளை போட வருகிறது; அழுத்தத்தோடு தண்ணீரையும் மருந்தையும் இறக்கிப் பாறையை உடைப்பார்கள்; ஆகவே "உள்ளாட்சி அமைப்புகள் ஆயத்த நிலையில் இருக்க வேண்டும்." எதற்கு ஆயத்தம், எப்படி ஆயத்தம் என்பதைச் சுற்றறிக்கை சொல்லவில்லை.

சேர்மன் இளஞ்செழியனுக்கு அது குறையாகப் படவில்லை. முப்பத்தெட்டு வருஷம் உள்ளாட்சித் தேர்தலே நடக்காத ஊரில் 2006இல் ஜெயித்து வந்தவர். ஆயத்தம் என்றால் வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார். ஆயத்தக் குழு அமைந்தது. தலைவர் அவர், துணைத் தலைவர் அவருடைய மச்சான். முதல் தீர்மானம், அலங்கார வளைவு. இரண்டாவது, கம்பெனி லாரிகள் குலுங்காமல் வர வேகத்தடைகளை எல்லாம் பெயர்த்துவிடுவது. மூன்றாவது, டிஜிட்டல் பேனர். துளை போடும் கோபுரமும் சேர்மனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி அடித்து வந்தது. கோபுரம் தன்னைவிட உயரமாக இருக்கிறது என்று அவர் அதைத் திருப்பி அனுப்பினார்.

கடற்கரைச் சாலை ஓட்டலில் இரண்டு நாள் பயிலரங்கம் நடந்தது. டெல்லியிலிருந்து வந்த நிபுணர் இரண்டு நாளில் ஒரே ஒரு உருப்படியான விஷயம் சொன்னார்: துளை போடுவதற்கு முன்பு சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் சோதித்து வையுங்கள். நாளைக்குத் தண்ணீர் கெட்டால், அதற்கு முன் நன்றாக இருந்தது என்பதற்கு அந்தக் காகிதம் ஒன்றுதான் சாட்சி.

சாப்பாட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இதைச் சொன்னார். கேட்டவர் ஒருவர்தான்: கொம்யூன் எழுத்தர் சக்கரபாணி. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். துளை போடும் இடத்தைச் சுற்றி முப்பத்தாறு போர்வெல் கிணறுகள். முப்பத்தாறு பாட்டில்கள் வாங்கப்பட்டன.

3

பதினேழாம் எண் கிணறு சின்னப்பாப்பாவுடையது. முக்கால் காணி நிலம். அரைக்கீரை, சிறுகீரை, தண்டு. கட்டுக் கட்டி முதல் பஸ்ஸில் பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார்.

[இவரை எப்படி எழுதுவது? தியாகச் சுடராக எழுதினால் நீங்கள் அழுவீர்கள். அழவைக்க எனக்கு வராது. வந்தாலும் செய்ய மாட்டேன். அவர் பேசியதை மட்டும் எழுதுகிறேன்.]

பில் கலெக்டர் செல்வகுமாரை அலுவலக வாசலிலேயே பிடித்துக்கொண்டார் சின்னப்பாப்பா.

"இன்னா செல்வகுமாரு, மூணு நாளா ஊட்டு பாட்டில கழுவி வச்சிக்கினு குந்திக்கினு கீறேன். ஊட்டு வரின்னா விடியறதுக்குள்ள வந்து நிக்கிற, தண்ணி எடுக்கன்னா ஆளக் காணோம்?"

"எடுத்தாச்சுக்கா."

"எங்க எடுத்த? நான் கொல்லையிலயேதான இருந்தேன்?"

"முந்தாநேத்து மோட்டாரு போட்டு எடுத்தேங்கா. நீ பாத்திருக்க மாட்ட."

"அன்னிக்கி நாள் பூரா கரண்டே இல்லடா!"

செல்வகுமார் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். சின்னப்பாப்பா உள்ளே வந்து சக்கரபாணியின் மேஜை முன் நின்று, "சார், எங் கெணத்துத் தண்ணிய யாரும் எடுக்கல" என்றார். சக்கரபாணி, "பாக்கறேம்மா" என்றார்.*

* அரசு அலுவலகத்தில் இந்தச் சொல்லுக்கும் பார்ப்பதற்கும் சம்பந்தமில்லை.

4

பாட்டில்கள் சோதனைக்கூடத்துக்குப் போயின. நாலாம் நாள் அங்கிருந்து கனீஸ் பாத்திமா என்கிற பரிசோதகர் போன் செய்தார்.

"சார், நீங்க அனுப்புன முப்பத்தாறும் ஒரே தண்ணி. அதுவும் கெணத்துத் தண்ணியே இல்ல. உப்பே காணோம் சார். திரும்ப எடுத்து அனுப்புங்க."

"மேடம், வெள்ளிக்கிழமை கவுன்சில் கூட்டம். அறிக்கை வச்சாகணும்."

"அப்போ எனக்குச் சந்தேகம்னு ரிப்போர்ட்ல எழுதிடுவேன்."

"எழுதிக்குங்க மேடம்."

சக்கரபாணி செல்வகுமாரைக் கூப்பிட்டுக் கேட்டார். செல்வகுமார் ஒளிக்கவில்லை. பெருமையோடுதான் சொன்னார்.

"டெஸ்ட்டுன்னா பாஸ் ஆவணுமில்ல சார்? நம்ம ஊரு தண்ணி பெயிலாயிட்டா சேர்மனுக்கு இன்னா மரியாதி? அதான் ஆபீஸ் கேன் தண்ணியா ரொப்பிட்டேன். ரெண்டு கேன் ஆச்சு."

"கெணத்துக்காரங்க கையெழுத்து?"

"நானே போட்டுட்டேன். கொஞ்சம் சோத்தாங்கையில, கொஞ்சம் பீச்சாங்கையில. ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வரும்ல?"

எதற்காகச் சோதிக்கிறார்கள் என்று அந்த மனிதருக்கு யாருமே சொல்லவில்லை. சோதனை என்றால் பரீட்சை. பரீட்சை என்றால் ஊர் மானம். பிட் அடித்தாவது பாஸ் ஆக வேண்டும்.

பாத்திமாவின் அறிக்கை வந்தது. கடைசி வரி: "இவை கிணற்று நீர் அல்ல என்று கருத இடமுண்டு." அதை மொத்த அறிக்கையில் எப்படிச் சேர்ப்பது? "கெட்ட வார்த்தை எதுவும் வரக்கூடாதுய்யா" என்று சேர்மன் சொல்லியிருந்தார். சக்கரபாணி பேனாவை எடுத்து, பாத்திமாவின் வரியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் எழுதினார்: தண்ணீரின் தரம் வியக்கத்தக்க ஒற்றுமையுடன் திகழ்கிறது.

வெள்ளிக்கிழமை கவுன்சிலர்கள் மேஜையைத் தட்டினார்கள். "நம்ம மண்ணோட ஒத்துமை அப்பிடி!" என்றார் ஒருவர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

5

இங்கே நிறுத்துகிறேன். சக்கரபாணி மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அந்த வரியை அவர் ஏன் எழுதினார்? பயத்தில் என்றால் "தரம் நன்றாக உள்ளது" என்று சப்பையாக எழுதியிருக்கலாம். விசுவாசத்தில் என்றால் சேர்மனைப் புகழ்ந்திருக்கலாம். "வியக்கத்தக்க ஒற்றுமை" பயந்தவன் எழுதுகிற வாக்கியமா? அது ரசித்து எழுதியது. முட்டாள்கள் கூட்டத்துக்கு நடுவில் ஒரு புத்திசாலி தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஜோக். யாராவது ஒருத்தன், "அதெப்படிய்யா முப்பத்தாறு கெணறும் ஒரே மாதிரி இருக்கும்?" என்று கேட்பான், ஆயத்தக் குழுவின் மானம் காற்றில் போகும் என்று காத்திருந்தவனுடைய வாக்கியம். யாரும் கேட்கவில்லை. ஜோக் அச்சாகிவிட்டது.

சக்கரபாணி என்று யாரும் இல்லை. எழுத்தர் நான்தான். நையாண்டிக் கட்டுரைகள் எழுதி, நாலு சிற்றிதழ்களில் பெயர் வாங்கியவன். பிறர் ஆடம்பரத்தை ஊசியால் குத்திக் காற்றிறக்குவதே என் தொழில் என்று மேடையில் பேசியவன். (ஆம், மேடையில். மாலையும் போட்டார்கள்.)

முதல் பகுதியில் வாக்கியம் என்னுடையது அல்ல என்றேன். பொய்.

6

துளை போட்டார்கள். எட்டு மாதம் லாரிகள் வந்தன. பிறகு இங்கே வாயு லாபம் தராது என்று கம்பெனி கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. வளைவு மட்டும் நிற்கிறது. பதினேழாம் எண் கிணற்றில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் வாடையோடு வந்தது. கீரை விளிம்பு கருகிச் சாய்ந்தது. சின்னப்பாப்பா இழப்பீடு கேட்டு மனுப் போட்டார்.

விசாரணை புல்வாருக்குள்ளே, அதாவது பழைய நகரத்துக்குள், ஒரு பிரெஞ்சுக் காலத்துக் கட்டடத்தில் நடந்தது. பேசுகிறதெல்லாம் இரண்டு தடவை கேட்கும்படி உயரமான கூரை. கம்பெனி வக்கீல் பதினான்காம் பக்கத்தை நிதானமாகப் படித்தார். பிறகு சோதனை எண்களைப் படித்தார். பிறகு கேட்டார்:

"ஏம்மா, உங்க கெணத்துல மினரல் வாட்டரா வந்துச்சு?"

சபை சிரித்தது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கும் உதடு அசைந்தது. நல்ல ஜோக் எதிரியுடையது என்றாலும் என்னால் சிரிப்பை அடக்க முடியாது.

"எங் கெணத்துத் தண்ணிய யாரும் எடுக்கவே இல்ல சார்" என்றார் சின்னப்பாப்பா.

"படிவத்துல உங்க கையெழுத்து இருக்கே?"

"எனக்குக் கையெழுத்தே போட வராது. ரேகதான் வைப்பேன்."

அது குறிப்பில் ஏறவில்லை. தீர்ப்பில் ஏறியது வேறு: கிராமத்தார் போலி மாதிரிகளைக் கொடுத்திருக்கிறார்கள்; மொத்த அறிக்கையும் செல்லாது; மனு தள்ளுபடி. கேன் தண்ணீர் ஊற்றியவன் பெயர் இல்லை. அதை வாக்கியமாக்கியவன் பெயர் இல்லை. மோசடிக்காரி என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: மனுதாரர் சின்னப்பாப்பா.

7

இன்று சாயங்காலம் முதலியார்பேட்டையில் என் வீட்டுக்குச் சின்னப்பாப்பா வந்தார். மடியில் துணி சுற்றி ஒரு பாட்டில்.

"இன்னாம்மா இது?"

"அன்னிக்கி அவன் வரல. கழுவி வச்ச பாட்டிலு வீணாப் போவுதேன்னு கரண்டு வந்ததும் நானே புடிச்சி வச்சிட்டேன். எம் பொண்ணு ஸ்கெட்ச் பேனால தேதி எழுதிச்சி."

கம்பெனி வருவதற்கு மூன்று வாரம் முந்தைய தேதி. முப்பத்தாறு கிணறுகளில் நிஜமாக எடுக்கப்பட்ட ஒரே தண்ணீர்.

"பாத்திமாம்மாகிட்ட காட்டினேன். இதுல கெணத்து உப்பு இன்னும் அப்பிடியே இருக்கும், சோதிக்கலாம்னாங்கோ. ஆனா முன்னாடி அனுப்புனது பொய்த் தண்ணின்னு கொம்யூன்காரங்க யாராவது எழுதிக் குடுத்தாத்தான் இத எடுத்துக்குவாங்களாம். நாளைக்கி அஞ்சு மணியோட மேல்முறையீடு கெடு முடியுது."

எனக்கு ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் பாத்திமாவின் வரியை நீக்கியது யார் என்ற கேள்வி வரும்.

"நான் இத ஒரு கதையா எழுதறேம்மா. எல்லாத்தையும் வெளிய கொண்டாந்துடறேன்" என்றேன்.

"கதையில எம் பேரு வருமா?"

"மாத்திடுவேன். அதான் வழக்கம்."

"எங் கெணறுன்னு போடுவியா?"

"ஊர் பேரே வராதும்மா."

பாட்டிலை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப அது யாருக்கு சார்? கதையெல்லாம் வாணாம். ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்கோ, போதும்" என்றார்.

"உக்காருங்க. எழுதிக் கொண்டாறேன்" என்று உள் அறைக்கு வந்தேன்.

8

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறேன். பாட்டில் சோதிக்கப்படுகிறது. கீரை மறுபடி துளிர்க்—

அடித்துவிட்டேன். இதை எழுத நான் முதலில் எழுந்து முன்னறைக்குப் போக வேண்டும்.

முடிவு இரண்டு: போடவில்லை. பல வருஷம் கழித்து மனசாட்சி என்னை—

அதுவும் வேண்டாம். மனசாட்சியை வைத்து நான் ஏற்கெனவே மூன்று நையாண்டி எழுதியிருக்கிறேன்.

கடிதம் எழுதியாகிவிட்டது. ஆறு வரி. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதில் ஜோக் கிடையாது. "2008இல் சோதனைக்கு அனுப்பிய முப்பத்தாறு பாட்டில்களிலும் இருந்தது அலுவலகக் கேன் தண்ணீர். எந்தக் கிணற்றிலிருந்தும் தண்ணீர் எடுக்கப்படவில்லை. பரிசோதகரின் குறிப்பை நீக்கியது நான்." மற்றதெல்லாம் தேதியும் எண்களும். கையெழுத்து இன்னும் போடவில்லை.

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரமாக இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்னறையில் சின்னப்பாப்பா உட்கார்ந்திருக்கிறார். கொடுத்த காப்பி ஆடை கட்டிவிட்டது. பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. பேனாச் சத்தம் கேட்கிறது அவருக்கு. கடிதம் பெரிதாக இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

"ஆச்சா சார்? கடைசி பஸ்ஸு போயிடும்."

"இதோ ஆச்சும்மா, ஒரு வரிதான்."

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது இந்த வகைக் கதைகளில் வழக்கம். கீழே இடம் விட்டிருக்கிறேன். ஆனால் அங்கே நீங்கள் என்ன எழுதினாலும் செல்லாது.

இடம்: முதலியார்பேட்டை

கையெழுத்து: