தம்பியின் குடுவை

என் தம்பி பிறந்ததிலிருந்து எதையும் சீக்கிரம் செய்தவன் இல்லை. நடந்தது தாமதம், பேசியது தாமதம், கல்யாணம் இன்னும் ஆகவில்லை. அப்பேர்ப்பட்டவனின் செல்கள், நான் லீவு முடிந்து ஆய்வகத்துக்கு வந்து பார்த்தபோது, குடுவை முழுக்க நெருக்கியடித்துக் கிடந்தன. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் சந்தேகம் தட்டியது.

அவன் தாடையில் ஒரு கட்டி. அதை எடுத்ததில் எலும்பில் குழி விழுந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே ஞானப்பல்லைப் பிடுங்கி, உள்ளிருக்கும் மென்சதையிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, வளர்த்துக் குழியில் வைத்தால் எலும்பு திரும்ப வளரலாம். இல்லாவிட்டால் இடுப்பெலும்பை வெட்டி ஒட்ட வேண்டும். வளர்க்கும் வேலை என்னுடையது.

"உன் கையால வளர்க்கிறதுதானே அக்கா, கண்ணை மூடிட்டு வாயைத் திறப்பேன்" என்றான். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம்.

அவனைக் கவனித்துக்கொள்ள நான் லீவு போட்டிருந்தபோது குடுவைகளைப் பார்த்துக்கொண்டவர், புதிதாகச் சேர்ந்த சென்ட்டுக்காரர். ஆய்வகத்துக்கு சென்ட் போட்டு வருகிறவரை எப்படி நம்புவது? போதாக்குறைக்கு எப்போதும் சிரிப்பு. குடுவையைக் கெடுத்துவிட்டு, வேறு யாருடையதையோ ஊற்றி நிரப்பிவிட்டாரோ? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் கையையே பார்த்தேன். வேலை அப்பழுக்கில்லாமல் இருந்தது. அது என் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது.

நுண்ணோக்கியில் எதுவும் தெரியாது. யார் பல்லிலிருந்து வந்தாலும் ஒரே மாதிரிதான் நீண்டு கிடக்கும். பெரிய டாக்டரிடம் சொன்னேன்.

"வளரலைன்னா கவலை, வளர்ந்தா சந்தேகமா? உனக்குத் தொட்டதுக்கெல்லாம் சந்தேகம்மா. திங்கட்கிழமை ஆபரேஷன்" என்றார்.

நானாகவே ஒரு சோதனை செய்தேன். ஆண் செல்லா, பெண் செல்லா என்று சொல்லிவிடும் சோதனை. இரண்டும் என்று வந்தது. தம்பியின் குடுவைக்குள் ஒரு பெண் இருந்தாள்.

"யாரோடதை இதுல ஊத்துனீங்க?"

சென்ட்டுக்காரரின் சிரிப்பு நின்றது. "செல் எதுவும் ஊத்தலை மேடம். உங்க தம்பியோடதாச்சே, ரொம்ப மெதுவா வருதேன்னு... பக்கத்துல அந்தச் சின்னப் பொண்ணோட பால் பல் செல்லு ஜம்முனு வளர்ந்திருந்தது. அது இருந்த ஊட்டநீரைக் கொஞ்சம் எடுத்து..."

எங்கள் தொழிலில் தெரிந்த வித்தைதான். நன்றாக வளர்ந்த செல்கள் இருந்த நீரில், வளரத் தூண்டும் சத்து இருக்கும்.

"வடிகட்டுனீங்களா?"

"சுழற்றித் தெளிய வெச்சேன்."

"வடிகட்டுனீங்களான்னு கேட்டேன்."

அவர் தலை குனிந்தது. மிதந்த நாலு செல் கூடவே போய், தயிருக்கு ஊற்றிய உறை மாதிரி வேலையைக் காட்டிவிட்டது. வேண்டுமென்றே கெடுத்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நல்லது நினைத்துக் கெடுத்தவரை என்ன சொல்ல? ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் கையாலேயே அந்தக் குடுவையில் பிளீச்சிங் ஊற்றிக் கொட்டினேன்.

பிறகு செல்களை உறைய வைத்துப் பாதுகாக்கும் நைட்ரஜன் தொட்டியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தேன். லீவில் போகும் முன் தம்பியின் செல்களில் ஒரு பங்கை யாரிடமும் சொல்லாமல் அங்கே ஒளித்திருந்தேன்.

"எங்க யாரையும் நம்பலையா மேடம்?"

"என்னையே நான் நம்ப மாட்டேன்" என்றேன். இந்த முறை சோதனையில் ஆண் மட்டும்தான் வந்தது.

ஆபரேஷன் தள்ளிப்போனது. ஒருநாள் நுண்ணோக்கி முன் உட்கார்ந்திருந்தபோது தம்பி போன் செய்தான். எல்லாம் அவனுக்குத் தெரியும்.

"இப்ப எப்படி இருக்கு?"

குனிந்து பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் அவசரமில்லை.

"ஆடி அசைஞ்சு வருதுடா."

"அப்போ நான்தான் அக்கா" என்றான்.